காலராவின் இருப்பிடம் கண்ட டாக்டர் சம்புநாத் டே

(ஒரு முன்னாள் மாணவர், விலங்கியல், 1966–69)

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, விடுதி நினைவுகளையோ, கல்லூரி நாளில் போட்ட நாடகத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு, நான் ஒரு மனிதரைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் அல்ல. தமிழரும் அல்ல. கல்கத்தாக்காரர். 1985லேயே காலமாகிவிட்டார். காலரா நோயைப் படித்த டாக்டர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அவர் பெயரை அறிவார்கள். டாக்டர் சம்புநாத் டே என்பது அந்தப் பெயர்.

நான் உயிரியல் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதினாலே பின்பெஞ்சுப் பசங்க சிரிப்பாங்க. யாரையோ 'டே' போட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். சிரித்து முடிக்கட்டும் என்று சாக்பீஸை வைத்துவிட்டு நிற்பேன். பிறகு கதையைச் சொல்வேன். கதை முடிகிற நேரத்தில் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. அந்தக் கதையைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன். ஆனால் வகுப்பில் சொல்லாத ஒரு விஷயத்தை இதில் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வயதில் இனி எதற்கு மறைக்க வேண்டும்?

கிள்ளையில் ஒரு மழைக்காலம்

எனக்குச் சொந்த ஊர் கிள்ளை. வெள்ளாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை ஒட்டிய ஊர். கல்லூரி நாட்களில் கிள்ளை ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறித்தான் வந்து போனேன் என்பது என்னோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிற ஊர் அது. நான் சின்னப் பையனாக இருந்தபோது திருவிழாவுக்கு முன்னாலேயே சுகாதார இலாகா ஆட்கள் சைக்கிளில் வந்துவிடுவார்கள். காலரா ஊசி போட்டுக்கொள்ளாமல் யாரும் தப்ப முடியாது. கை வீங்கும், ராத்திரி காய்ச்சல் வரும். அந்த ஊசிக்குப் பயந்து வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்தவர்களில் நானும் ஒருவன்.

1955 மழைக்காலம். எனக்கு 7 வயது, என் அக்காவுக்கு 13. குளமும் வாய்க்காலும் ஒன்றாகி, தெருவே தண்ணீரில் நின்றது. ஒருநாள் விடியற்காலையில் அக்காவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அப்புறம் வாந்தி. போனதெல்லாம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. உச்சிப்பொழுதுக்குள் கண் இரண்டும் குழியில் விழுந்துவிட்டன. விரல் நுனியெல்லாம் வெகு நேரம் தண்ணீரில் ஊறின மாதிரி சுருங்கிப்போயிற்று. குரல் கம்மிவிட்டது. அந்தக் குரலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தண்ணீர்.

ஆயா கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வாந்திபேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று அன்றைக்கு ஊரே நம்பியது. அப்பா வண்டி தேடிப் போயிருந்தார். ஆயா ஏதோ வேலையாகக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் அக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பக்கத்திலேயே சொம்பு இருந்தது. நான் கொடுக்கவில்லை. ஆயா அடிக்கும் என்ற பயம்தான் காரணம். சாயங்காலம் வண்டி வந்து வாசலில் நின்றபோது அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது.

ஆயா மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. என் மேல் இருந்த கோபம் அதைவிட அதிகம். ஆயா 1968ல் கண்ணை மூடியபோதுகூட நான் சரியாக அழவில்லை.

1990ல் ஒருநாள் அண்ணாமலைநகரில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தேன். ப்ளஸ் டூ பசங்களுக்குக் குறிப்பு எடுக்கத்தான் போனேன். பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயன்ஸ் பத்திரிகை அந்த வருஷம் டாக்டர் டேயின் நினைவாகவே ஓர் இதழ் கொண்டுவந்திருந்தது. நின்றபடியே புரட்ட ஆரம்பித்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

ஹூக்ளி மாவட்டத்துப் பையன்

சம்புநாத் டே பிறந்தது 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி. ஊர், வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்திலிருந்த காரிபாட்டி என்ற கிராமம். அப்பா சிறு வியாபாரி. வியாபாரம் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பையன் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் நன்றாகப் படித்து உபகாரச் சம்பளம் வாங்கினான். அதை வைத்து ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியில் சேர்ந்தான். பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்கத்தாவில் ஒரு வியாபாரி தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து ஆதரித்தார். நம்மில் பலரும் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்துப் படித்தவர்கள்தானே. அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு அவர் வேற்று ஆளாகத் தெரியவில்லை.

1939ல் எம்.பி. பட்டம் பெற்றார். 1942ல் வெப்பமண்டல நோய்களுக்கான பட்டயம் வாங்கினார். நோய்க்குறியியல் துறையில் செய்முறை ஆசிரியராகச் சேர்ந்தார். நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கிற துறை அது. அங்கே பேராசிரியராக இருந்த மணீந்திரநாத் டேக்கு இந்த இளைஞரைப் பிடித்துப்போயிற்று. தம் மகளையே அவருக்குக் கட்டிக்கொடுத்தார்.

1947ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவப் பள்ளிக்குப் போனார். அங்கே சர் ராய் கேமரன் என்ற பெயர்பெற்ற நோய்க்குறியியல் நிபுணரிடம் ஆராய்ச்சி. நரம்பு மண்டலத்தில் ஏற்படும் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எப்படி என்பது விஷயம். 1949ல் பிஎச்.டி. வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். உடம்பில் ஓர் இடத்தில் இருக்கவேண்டிய நீர் இன்னோர் இடத்துக்கு ஏன் போகிறது என்ற கேள்வி அவரோடு கூடவே வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கல்கத்தாவில் அந்தக் கேள்விக்கு வேலை காத்திருந்தது. நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் துறையில் பணி. கங்கை முகத்துவாரப் பகுதிதான் காலராவுக்குத் தாய்வீடு. வருஷா வருஷம் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். டே முதலில் இறந்தவர்களின் சிறுநீரகங்களைத் தம் சகாக்களோடு ஆராய்ந்தார். காலராவில் சிறுநீர் நின்றுபோவதற்கு என்ன காரணம் என்று தேடினார். அங்கிருந்து குடலுக்கு வந்தார்.

தவறான இடத்தில் தேடிய 70 வருஷம்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1884ல் கல்கத்தாவில் வைத்துக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். காற்புள்ளி போல் வளைந்த கிருமி. அந்தக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அதுதான் ஆளைக் கொல்கிறது என்பது காக் அவர்களின் ஊகம். ஊகம் சரிதான். ஆனால் அதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? வளர்ந்த முயலுக்கும் மற்ற பிராணிகளுக்கும் காலராக் கிருமியை வாய்வழியாகக் கொடுத்தால் நோய் வருவதில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் ரத்தக் குழாயில் ஊசி போட்டார்கள், வயிற்று அறைக்குள் செலுத்தினார்கள். பிராணி செத்தது. ஆனால் பேதி ஆகவில்லை! கிருமியின் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் வேறொரு நஞ்சு அவற்றைக் கொன்றது. அதைப் பிடித்துக்கொண்டு உலகம் வெகுதூரம் வேறு பாதையில் போய்விட்டது. காலரா என்றால் உடம்பு முழுக்கப் பரவும் விஷம் என்றும், குடலின் உள்தோல் உரிந்துபோகிறது என்றும் பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள்.

டே இந்த இடத்தில்தான் வேறுமாதிரி யோசித்தார். கிருமி இருப்பது குடலில். நோயாளி இழப்பதும் குடல்வழியாக. அப்படியானால் குடலில்தானே தேடவேண்டும், ரத்தத்தில் ஏன் தேடுகிறோம்? கேட்டால் சின்னப்பிள்ளைக் கேள்வி மாதிரிதான் இருக்கும். அதைக் கேட்க ஏறத்தாழ 70 வருஷம் ஆயிற்று.

முயலும் நூலும்

அவர் செய்த பரிசோதனையை நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையை அறுத்தவர்கள் எல்லாரும் புரிந்துகொள்ளலாம். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்க வேண்டும். சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, வெட்டாமல், இரண்டு பக்கமும் நூலால் முடிச்சுப் போட வேண்டும். இரண்டு முனையும் கட்டிய ஒரு சின்னப் பை போல அது ஆகிவிடும். அதற்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் கொஞ்சம் ஊசியால் செலுத்த வேண்டும். அதே முயலின் குடலில் இன்னொரு துண்டைக் கட்டி, அதில் கிருமி இல்லாத வெறும் திரவத்தைச் செலுத்த வேண்டும். வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்க்க வேண்டும்.

வெறும் திரவம் போட்ட துண்டு காலியாகச் சுருங்கிக் கிடந்தது. கிருமி போட்ட துண்டு உப்பிப் போயிருந்தது. உள்ளே முழுக்க நீர். காலரா நோயாளியிடமிருந்து வெளியேறுகிற அதே அரிசி களைந்த தண்ணீர் போன்ற நீர்.

இதை டேயும் அவருடைய சகா டி.என். சட்டர்ஜியும் 1953ல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த நோய்க்குறியியல் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. முயல், நூல், ஊசி, கத்தரிக்கோல். அப்புறம் சரியான கேள்வி.

1955ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் துறைத் தலைவரானார். 1956ல் இதே முறையில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலி என்ற வேறொரு கிருமியையும் சோதித்து, அதிலும் சில வகைகள் குடலில் நீரைச் சுரக்க வைக்கின்றன என்று காட்டினார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய அறிவுக்கு அது முக்கியமான ஆரம்பம்.

இன்னும் ஒரு படி பாக்கியிருந்தது. குடலை உப்ப வைப்பது கிருமியா, கிருமி சுரக்கும் நஞ்சா? டே கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, அதில் ஓர் உயிருள்ள கிருமிகூட இல்லாமல் செய்தார். அந்த வடிநீரை மட்டும் முயல் குடலில் செலுத்தினார். குடல் உப்பியது. கிருமி இல்லை, ஆனால் நோய் இருக்கிறது. அப்படியானால் நஞ்சுதான் காரணம். 1959 மே 30ஆம் தேதி நேச்சர் பத்திரிகையில் அவர் ஒருவர் பெயரிலேயே அந்தக் கட்டுரை வந்தது. மிகச் சிறிய கட்டுரை. காக் 1884ல் ஊகித்தது 75 வருஷம் கழித்து, அதே கல்கத்தாவில் நிரூபணமானது.

தண்ணீரின் கணக்கு

இதனால் சாதாரண மனுஷனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

காலரா நஞ்சு குடலின் உள்தோலில் உள்ள செல்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றுக்குள் இருக்கும் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு அணைக்க முடியாமல் செய்துவிடுகிறது. செல் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பின் பின்னாலேயே நீரும் போகும். கடுமையான நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை போகலாம். ஹார்மோன்கள் செல்லோடு பேசுவதற்கும் இதே மாதிரி சுவிட்சுகளையே பயன்படுத்துகின்றன. அவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பின்னாளில் காலரா நஞ்சே ஒரு கருவியாக உதவியது. அந்தச் சுவிட்சுகளைக் கண்டுபிடித்த கில்மன், ராட்பெல் இருவருக்கும் 1994ல் நோபல் பரிசு கிடைத்தது.

முக்கியமான சங்கதி என்னவென்றால், இத்தனை நடந்தும் குடல் தோல் உரிவதில்லை. 1960 வாக்கில் பாங்காக்கில் நோயாளிகளின் குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்த அமெரிக்க மருத்துவர்கள் உள்தோல் முழுசாக இருப்பதைக் கண்டார்கள். தோல் முழுசாக இருந்தால் அதற்கு உறிஞ்சும் சக்தியும் இருக்கும். குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது, உப்போடு தண்ணீரும் போகிறது என்பதும் அந்தக் காலத்தில்தான் தெரியவந்தது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரை வாய்வழியாகவே கொடுத்து ஆளைப் பிழைக்க வைக்கலாம் என்பது 1968ல் டாக்காவில் நடந்த சோதனையில் உறுதியாயிற்று. 1971ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலையே டிரம்மில் கலந்து கொடுத்தார். 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கல்கத்தாவிலேயே 1953ல் டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்பவர் 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாக உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்துப் பலன் கண்டதை லான்செட் பத்திரிகையில் எழுதியிருந்தார். டேயோடு சேர்ந்து எழுதிய சட்டர்ஜி வேறு, இவர் வேறு. காரணம் விளக்கப்படாததால் அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த 1953 என்ற எண்தான் என்னை நூலகத்தில் உட்கார வைத்தது. நோய் இருக்கிற இடம் தெரிந்தது 1953. தண்ணீர் கொடுக்கலாம் என்று ஒருவர் எழுதியதும் 1953. என் அக்கா போனது 1955. அந்தச் செய்தி கிள்ளைக்கு வந்து சேர்வதற்கு இன்னும் 20 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது வேறொன்று தோன்றியது. பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களும், பட்டம் பெற்ற டாக்டர்களும் 70 வருஷம் தவறான இடத்தில் தேடியிருக்கிறார்கள். ஆயாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. தண்ணீர் கொடுத்தால் வாந்தியும் பேதியும் கூடுகிறதைக் கண்ணால் பார்த்து, அதை நிறுத்தினால் பேத்தி பிழைப்பாள் என்று நம்பியது. அது கொடுமைக்காரி இல்லை. அதற்கும் அக்கா மேல் உயிர். அன்றைக்கு ராத்திரி, போய் 22 வருஷம் ஆன ஆயாவுக்காக அழுதேன்.

கிடைக்காத மாலைகள்

டாக்டர் டேயின் கட்டுரை வந்தவுடன் உலகம் கொண்டாடியது என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச காலம் அதைக் கவனித்தவர்களே குறைவு. 1960களில்தான் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவருடைய முயல் குடல் முறையைக் கையில் எடுத்தார்கள். 1969ல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைன் என்பவரும் அவர் சகாவும் அந்த நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு எழுதப்பட்ட கட்டுரைகளில் திரும்பத் திரும்ப டேயின் பெயர் வந்தது.

நம் நாட்டில் நிலைமை வேறு. அவர் உயிரோடு இருந்தவரை இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது ஒன்றும் வரவில்லை. 1973ல் சாதாரணமாக ஓய்வு பெற்றார். 1978ல் ஸ்டாக்ஹோமில் காலராவைப் பற்றி நடந்த 43ஆவது நோபல் கருத்தரங்குக்கு நோபல் அறக்கட்டளை அவரை அழைத்தது. உள்ளூரில் பலருக்கு அப்போதுதான் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை ஒரு தடவைக்கு மேல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985 ஏப்ரல் 15ஆம் தேதி, தம் 70ஆவது வயதில் அவர் காலமானார். கரண்ட் சயன்ஸ் நினைவு இதழ் வந்தது அதற்கு 5 வருஷம் கழித்து.

இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு பையனாவது கோபப்படுவான். அவருக்கு ஏன் சார் கொடுக்கவில்லை என்பான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நான் அவனிடம் ஓர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். 1 லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். 2002க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. அந்தப் பாக்கெட்டில் டேயின் பெயர் இருக்காது. ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளப் போனால் வழியில் அவரைப் பார்க்காமல் போக முடியாது.

மறுபடியும் நம் கடற்கரையில்

காலரா பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 1961ல் இந்தோனேசியாவில் கிளம்பிய ஏழாவது உலகப் பரவல் 1964ல் இந்தியாவுக்கு வந்தது. அது இன்னும் உலகத்தைவிட்டுப் போகவில்லை. 1992ல் சென்னையில் ஒரு புது வகைக் காலராக் கிருமி முதன்முதலாகத் தலைகாட்டியது. ஓ139 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அங்கிருந்து வங்காளம்வரை பரவியது. கிருமியின் மேல்சட்டை புதுசு. ஆனால் உள்ளே அது சுரந்தது டே கண்டுபிடித்த அதே நஞ்சைத்தான். ஆகவே மருந்தும் அதே உப்பு சர்க்கரைத் தண்ணீர்தான்.

நம் வெள்ளாற்று முகத்துவாரம் போல ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடங்கள் காலராக் கிருமிக்கு இயற்கையான வீடு. தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிரினங்களின் மேல் ஒட்டிக்கொண்டு அது வாழும். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துக்குச் சுற்றுலா போனபோது பிளாங்டன் வலையை இழுத்தோமே, அந்த வலையில் விழுகிற ஜந்துக்கள்தான். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்தபோது காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆயாவும் குடத்து வாயில் துணி கட்டித்தான் தண்ணீர் மொள்ளும். ஒரே மடிப்பு. அதற்கு யார் சொல்லியிருப்பார்கள், இன்னும் நாலு மடிப்பு மடி என்று?

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு போன்ற மீனவக் குடியிருப்புகள் என்ன பாடுபட்டன என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது 56 வயது. ஊரில் நிவாரணக் கூடத்தில் நான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை தண்ணீர் வேலை. குளோரின் மாத்திரை போட்ட டிரம், கொதிக்கவைத்த தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இவ்வளவு பிணம் விழுந்த பிறகு காலரா வந்தே தீரும் என்று ஊரே பயந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் எங்குமே பெரிய அளவில் அது வரவில்லை. சுகாதார ஊழியர்களும், தொண்டர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் ராப்பகலாகத் தண்ணீரைக் காத்தார்கள்.

அங்கே ஒரு பெண் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. காலரா இல்லை, சாதாரணப் பேதிதான். அதன் பாட்டி என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, பேதி ஆகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா தம்பி என்று கேட்டது. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பிறகு உட்கார்ந்து, குடல் எப்படி உப்போடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி டம்ளரை வாங்கி, ஒரு ஸ்பூன், ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு ஸ்பூன் என்று தானே கொடுக்க ஆரம்பித்தது. நான் அடுத்த டிரம்மைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இப்போது நம் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. நம் ஆய்வுக்கூடத்தில் அது இல்லை, இது இல்லை என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. எங்கள் காலத்தில் இன்னும் மோசம். இருக்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள், அதில் தப்பில்லை. ஆனால் வாங்கித் தர முடியாத ஒன்று இருக்கிறது. எல்லாரும் ஒரு பக்கம் தேடிக்கொண்டிருக்கும்போது, நோய் இருக்கிற இடம் இதுவா என்று நின்று கேட்கிற புத்தி. டாக்டர் டேயிடம் அது இருந்தது.

இன்னொன்று. கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. 1953ல் கல்கத்தாவில் தெரிந்தது 1955ல் கிள்ளையில் தெரியவில்லை. அந்த இடைவெளியில் போனவர்களில் என் அக்காவும் ஒருத்தி. படித்தவர்கள் தமக்குத் தெரிந்ததைத் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஆராய்ச்சிக்குச் சமமான வேலைதான். அதற்குப் பரிசும் கிடையாது, மாலையும் கிடையாது. அவருக்கே கிடைக்கவில்லையே, நமக்கு எதற்கு?

வீட்டில் பாக்கெட் இல்லாத நேரத்துக்கு ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுங்கள். கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். யாராவது தண்ணீர் கேட்டுக் கை நீட்டினால், யார் தடுத்தாலும் கொடுத்துவிடுங்கள்.